ரெசின் இறுகுவதற்குள்

ஃபைபர் படகு ரிப்பேர், காத்திருக்கத் தெரிந்தவனுக்கான வேலை. எனக்கோ பஸ் வரும்வரை ஓரிடத்தில் நிற்கக்கூடப் பொறுமை கிடையாது. என்னைப் போல் கை துறுதுறுவென்று இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

புகைந்த டின்

ஜுரு தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, கடலுக்கு அப்பால் தீவில், கெலுகோர் கடலோரத்தில் அல்போன்ஸ் அண்ணன் நடத்திய படகுப் பட்டறையில் சேர்ந்த முதல் வாரம். ஒட்டும் பசையான ரெசினில், அதை இறுகவைக்கும் ஹார்ட்னரைச் சில சொட்டுதான் விடவேண்டும் என்றிருந்தார். வானம் கறுத்தது. மழைக்குள் முடித்துவிடலாமென்று தாராளமாகவே ஊற்றினேன். கலக்கிக்கொண்டிருக்கும்போதே டின் கொதித்தது, புகைந்தது. மணலில் வீசிவிட்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், டின்னில் கல்லாக இறுகிய ரெசினில் பிரஷ் நட்டுவைத்த கம்பம்போல் நிற்கிறது. அண்ணன் அதை ஆட்டிப் பார்த்தார்.

"தம்பி, படகை ஒட்டச் சொன்னேன். பிரஷ்ஷுக்குச் சமாதி கட்டச் சொல்லல லா."

பஸ்ஸில் ஆட்டம்

அரைக்கைச் சட்டையோடு படகைத் தேய்த்தேன். ஃபைபரிலிருந்து பறந்த கண்ணாடித் தூள் கழுத்து, முதுகு எங்கும் இறங்கிவிட்டது. வீடு அக்கரையில்; அப்போது தீவுக்குப் பாலம் கிடையாது. ஃபெரியில் கடலைத் தாண்டி, புக்கிட் மெர்தாஜாம் பஸ் ஏறுவதற்குள் உடம்பு எரிந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், கம்பியில் முதுகைத் தேய்த்தேன். கண்டக்டர் பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணே, சட்டைக்குள்ள எறும்புன்னா இறங்கி உதறிட்டு அடுத்த பஸ்ல வாங்க."

அப்பளம்

சூசை அண்ணனும் மேரி அக்காவும் சேர்ந்து மீன் பிடிக்கப் போகிறவர்கள். அவர்கள் படகின் அடியில் விரிசல். நன்றாக வெயிலில் காயவிட்ட பிறகே ஒட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு அல்போன்ஸ் அண்ணன் டவுனுக்குப் போயிருந்தார். தொட்டுப் பார்த்தேன், மேலே காய்ந்திருந்தது. ஒட்டிவிட்டேன். விரிசலுக்குள் உப்புத் தண்ணீர் ஊறிக்கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர்கள் கடலுக்குப் போனார்கள். எனக்கு ஏனோ வேலை ஓடவில்லை. கரைக்கும் பட்டறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மதியம் ஒரு மலாய்க்காரர் தன் படகில் கயிறு கட்டி அவர்களை இழுத்துவந்தார். அக்கா சோற்றுப் பானையால் தண்ணீரை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். நனைந்த புடவையோடு இறங்கியவர், அப்பளம்போல் முழுசாகக் கழன்றுவந்திருந்த ஒட்டுத் துண்டை என் கையில் வைத்தார்.

"இந்தா தம்பி, நீ போட்டது. உன்னை மாதிரியே ஒரு எடத்துல இருக்க மாட்டேங்குது."

கைரேகை

அதே படகு, மறுபடியும் நானே. இம்முறை காயவிட்டேன், விரிசலைச் சுற்றி அகலமாகத் தேய்த்தேன், ஃபைபர் துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தேன். ஆனாலும் இறுகிவிட்டதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பிய சூசை அண்ணன், படகைக் கரையில் சாய்த்து அடியைத் தடவினார்.

"ஒரு சொட்டுத் தண்ணி ஏறல தம்பி. ஆனா இந்தப் படகு திருட்டுப் போனா, போலீஸ் முதல்ல உன்னைத்தான் பிடிக்கும்."

ஆக, படகு ஒட்டும் வேலையில் பாதியையும், கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கும் வேலையில் கால்வாசியையும் கற்றுக்கொண்டவனைத்தான் கெலுகோரில் மெக்கானிக் என்று கூப்பிட்டார்கள்.