வாங்க மறுத்த கடன்

நான் பதுளையில் இங்கிலீஷ் படித்தது பெரிய கங்காணியின் காசில். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்களையெல்லாம் ஊரிலிருந்து கூட்டி வந்தவர் அவர்தான். பள்ளிக்கூடச் சம்பளம், புத்தகம், சப்பாத்து என்று அத்தனையும் அப்பா பேரில் கடனாக ஏறியது. அது தீர்ந்தது என்று கங்காணி துண்டு எழுதிக் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனால் ஜெயில்தான்.

படிப்பு முடிந்து டவுனில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தேன். வீட்டாரைக் கூட்டிப்போக வாடகைக்கு ஓர் அறைகூடப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக் கடனையும் துணியில் முடிந்துகொண்டு அப்பாவோடு கங்காணி வீட்டுக்குப் போனேன்.

அவர் அந்த முடிச்சைத் தொடவே இல்லை.

"காசுக்கு என்ன தம்பி அவசரம்? நீங்களே வச்சிக்கங்க. மெதுவா பாத்துக்கலாம்."

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வந்து நிற்கும் ஒவ்வோர் ஆளுக்கும் தோட்டம் அவருக்குத் தலைக்காசு கொடுத்தது. அப்பா, அம்மா, தங்கச்சி என்று எங்கள் வீட்டில் மூன்று தலை. கடன் தீர்ந்தால் மூன்றும் கைவிட்டுப் போகும். அந்த மனிதர் என்னைப் படிக்கவைத்ததே இதற்குத்தான். இந்தக் கணக்கை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

திரும்பும் வழியில் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா, குடுத்த காசயே வேணாங்கிறாரு. எவ்வளவு பெரிய மனசு! அவருக்காகவாவது நாளைக்குப் பெரட்டுக்கு நேரத்தோட போயிறணும்டா."