நரி முகத்தில் விழித்த வீடு

நரி முகத்தில் விழித்தால் அன்றைக்கு எடுத்த காரியம் பலிக்கும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். நீங்களும் சொல்கிறீர்கள். யாராவது விளையாட்டில் ஜெயித்துவிட்டால் "இன்னாடா, நரி மூஞ்சில முழிச்சியா?" என்று கேட்கிறீர்கள். வாயால் சொல்வதில் குற்றமில்லை. அதற்கென்றே ஒரு நரியைப் பிடித்துக் கூண்டில் வைத்திருந்த வீட்டில் நான் வேலை பார்த்திருக்கிறேன், பிள்ளைகளே. அது பட்ட பாடு உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

அப்போது உங்களில் மூத்தவள் கைக்குழந்தை. உறுவையாற்றுப் பக்கத்தில் ஒரு மிராசுதாரிடம் காரியம் பார்த்துக்கொண்டிருந்தேன். கழனிக்கு ஆள் விடுவது, கரும்பு வெட்டும்போது கூட நிற்பது, வெல்லம் காய்ச்சுமிடத்தில் கண் வைத்திருப்பது, இவைதான் வேலை. அவருக்கும் பக்கத்து நிலக்காரருக்கும் ஒரு வாய்க்காலைப் பற்றிப் புதுச்சேரிக் கோர்ட்டில் வழக்கு. ஒரு வாய்தாவுக்குப் போகும்போது வழியில் ஒரு நரி நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போயிற்றாம். அன்றைக்கு ஜட்ஜு இவர் பக்கம் சாய்ந்து பேசினாராம். அவ்வளவுதான். ஆற்றோரத்தில் வலை கட்டி ஒரு நரியைப் பிடிக்கச் செய்தார். கருமான் பட்டறையிலிருந்து இரும்புக் கூண்டு வந்தது.

அந்தக் கூண்டில் நரி நின்றால் முதுகு மேலே இடிக்கும். தரை வெறும் தகடு. வெயில் ஏறிவிட்டால் ஒரு காலை வைத்து ஒரு காலை எடுத்துக்கொண்டே இருக்கும். நான்கு எட்டு நடக்கும், திரும்பும், நான்கு எட்டு நடக்கும். கம்பியைக் கடித்துக் கடித்து ஒரு கோரைப்பல் போயிற்று. மிராசுதார் வீடு கறி மீன் புழங்காத வீடு. ஆகவே நரிக்கும் மோர்ச்சோறு.

விடிந்ததும் அவர் கண்ணைத் திறக்க மாட்டார். துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நான் போய்க் கைபிடித்துக் கூட்டிவந்து, கூண்டின் எதிரில் நிறுத்தி, துண்டை அவிழ்க்க வேண்டும். நரியோ இரவெல்லாம் நடந்துவிட்டு, விடிகிற நேரத்தில் மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு சுருண்டு கிடக்கும். முகம் தெரியாவிட்டால் ஆகுமா? மூங்கில் கழியால் விலாவில் குத்துவோம். நான் குத்துவது போதாதென்று கழியை வாங்கி அவரே குத்துவார். தினமும் குத்திய இடத்தில் மயிர் உதிர்ந்து புண் வைத்துவிட்டது.

அடுத்த வாய்தாவில் பேச்சு எதிராளி பக்கம் திரும்பிற்று. வீடு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"காலையில நரியை மொதல்ல பாத்தது யாரு?"

"நீங்கதாங்க."

"என் கண்ணு கட்டியிருந்திச்சி. உன் கண்ணு?"

"கழியால குத்தணும்னா பாக்கணுமேங்க."

"நீ மொதல்ல பாத்துட்டு, மிச்சத்த எனக்குக் காட்டியிருக்க," என்றார்.

மறுநாளிலிருந்து நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டே அவரைக் கூட்டிப்போனேன். ஒருநாள் இரண்டு பேருமாகத் தவிட்டுப் பானையின்மேல் விழுந்தோம். கூண்டைச் சுற்றிச் சாக்கு தொங்கவிடப்பட்டது. உள்ளே காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வீட்டில் யாருக்காவது சின்ன நல்லது நடந்தால்கூட விசாரணை. மாட்டுக்காரன் வீட்டுப் பசு கிடேரிக் கன்று போட்டது. "சாக்கைத் தூக்கிப் பாத்தியாடா?" என்று அவனுக்குக் கேள்வி. அவன் என்மேல் சந்தேகப்பட்டான், நான்தான் கோள் சொன்னேன் என்று. நான் சமையல்காரன்மேல் சந்தேகப்பட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வேலை செய்தோம்.

நரி சோற்றைத் தொடுவதை விட்டுவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. வாய்க்காலில் நண்டு பிடித்து மடியில் கட்டிக்கொண்டுபோய்ச் சாக்குக்கு அடியில் போட்டேன். அதைத் தின்றது. ஆனால் ஓடு கிடந்ததை மிராசுதார் பார்த்துவிட்டார்.

"எவன்டா மருந்து வச்சது?" என்றார்.

"மருந்து இல்லீங்க, நண்டு. நான்தான் போட்டேன். அது ஒண்ணியும் துன்ன மாட்டேங்குதுங்க."

"உனக்கு எதுக்கு அதுமேல அக்கறை? எதிராளி உங்கிட்ட இன்னா சொன்னான்?"

இன்னொரு தரம் கூண்டில் ஏதாவது கிடந்தால் வேறு வேலை தேடிக்கொள் என்று சொல்லிவிட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே தேடுவது? நண்டு நின்றது. நரி படுத்தது படுத்தபடி கிடந்தது. கழியால் குத்தினாலும் தலையைத் தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்கள் அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். "அது மூஞ்சில முழிச்சா நமக்கு நல்லது வருதுன்னு வச்சிக்கோங்க. தெனம் நம்ம மூஞ்சில முழிக்கிறதே அது, அதுக்கு இன்னா வந்திச்சி?" என்றாள். 

இந்த நேரத்தில் வில்லியனூர்க் கடைத்தெருவிலிருந்து பாய் ஒருவர் வெல்லம் பார்க்க வந்தார். எங்கள் வெல்லத்தை வழக்கமாக வாங்குபவர், மிராசுதாரிடம் பயமில்லாமல் பேசுபவர். சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஐயா, தானா வந்து சொல்ற சாட்சி வேற, கட்டி இழுத்தாந்து நிறுத்துற சாட்சி வேற. இது மனசுல இன்னா வச்சினு கீதோ, யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். மிராசுதார் சிரிக்கவில்லை. அன்று முழுக்கக் கூண்டிலிருந்து தள்ளி நின்றே பார்த்தார். அதுவரை எங்கள்மேல் இருந்த சந்தேகம் நரியின்மேல் போய்விட்டது. மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது பீடை. அடிச்சிப் போட்டா நம்ம தலையில வுடியும். எதிராளி கரும்புக்குள்ள கொண்டுபோயி வுட்டுடு. பீடை அவனோட போவட்டும்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். முகத்தில் காட்டினால் மனம் மாறிவிடுவார். "அந்தப் பக்கம் காவல் கீதுங்களே," என்று இழுத்தேன். "சொன்னத செய்," என்று அதட்டினார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வண்டி கட்டினேன்.

எதிராளியின் காவல்காரன் மதியம் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்துப் போய், கரும்போரத்தில் கூண்டை இறக்கிக் கதவைத் திறந்தேன். அது வரவில்லை. கூண்டைச் சாய்த்ததும் சரிந்து வெளியே விழுந்தது. எழுந்து நான்கு எட்டு நடந்தது, திரும்பிற்று, நான்கு எட்டு நடந்தது. சுற்றிலும் கம்பி இல்லை என்று அதற்குத் தெரியவில்லை. நான் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். எட்டிப் பார்த்தபோது இடம் வெறுமையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கரும்புக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது.

கூண்டை ஏற்றுவதற்குள் காவல்காரன் வந்துவிட்டான். கையில் தடி.

"இன்னாய்யா பொதைச்ச இங்க?"

"ஒண்ணியும் இல்லபா. கூண்டு சரிஞ்சிடுச்சி, ஏத்தறேன்."

"வெறுங்கூண்ட ஏத்திக்கினு கரும்பாண்ட எதுக்கு வந்த? மந்திரிச்ச தகடு பொதைக்கச் சொன்னானா உங்க ஆளு?"

தகட்டைத் தேடிக்கொண்டு கரும்புக்குள் நுழைந்தான். நரி உள்ளேதான் இருந்தது. ஓடத் தெம்பில்லாத பிராணி. பார்த்தால் ஒரே அடிதான். அவன் குனிந்து ஒரு கரும்பைத் தூக்கிக் காட்டினான். அடிக்கணு மென்று துப்பப்பட்டிருந்தது.

"ஈரம் காயல. நரி கடி மாதிரி கீது," என்று தடியை ஓங்கிக்கொண்டு உள்ளே பார்த்தான்.

"நான்தான்பா கடிச்சேன்," என்றேன்.

"அடிக்கணுவையா? குனிஞ்சி மேஞ்சியா, மாடு மாதிரி?"

"பசிபா."

என்னை மேலும் கீழும் பார்த்தான். நம்பவில்லை என்று கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் நரியை அடித்துக் கொண்டுபோனால் அவனுக்கு என்ன கிடைக்கும்? மிராசுதாரின் ஆளைக் கரும்புத் திருடன் என்று பிடித்தால் நல்ல பேர். திருட்டுக்கு அடையாளமாக என் மேல்துண்டை உருவிக்கொண்டு, அவன் எஜமானிடம் காட்டப் போய்விட்டான். நான் மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் நுழைந்ததும் உங்கள் அம்மா துண்டு எங்கே என்று கேட்டாள். கரும்பு தின்ற குற்றத்துக்குப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றேன்.

நான் நரியை விடப் போனது அவளுக்குத் தெரியும்.

"துன்னிச்சா?" என்றாள்.

"துன்னிச்சி," என்றேன்.