மதினியின் அணுக்களும் என் மகளின் மூச்சும்

எங்கள் இருவரில் யாருடைய கணக்கு சரி? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. என் கணவரின் அக்காவும் நானும் ஒரே எண்களிலிருந்துதான் தொடங்கினோம். ஒரே முறையில் பெருக்கினோம், ஒரே முறையில் வகுத்தோம். ஆனால் அவருடைய தாளில் ஓர் அணு போய்ச் சேர்ந்த இடம் வேறு, என் தாளில் அதே அணு போய்ச் சேர்ந்த இடம் வேறு. இருவரில் ஒருவரும் தவறு செய்யவில்லை. அந்த நாட்களில் தவழ்ந்துகொண்டிருந்த என் மகளை இந்த ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்க வேண்டும். அவள் கோடைக்கானலில் என்னோடு இருப்பதா, பழனியில் கொழுந்தன் வீட்டில் இருப்பதா என்பதை நான் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் அந்தப் பழைய கணக்குதான் மனதில் ஓடுகிறது.

அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓர் ஆராய்ச்சிக்காக நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். கம்பளியில் சுற்றிச் சாக்குக்குள் கட்டியிருந்த ஒரு பொருளைக் கண்டக்டர் பஸ்ஸிலிருந்து மூச்சு வாங்க இறக்கினார்.

"என்னங்கம்மா இது, தையல் மெஷினா? இந்தக் கனம் கனக்குது."

"கணக்கு மெஷின், தம்பி. பார்த்து வைங்க."

"எந்தக் கடைக்குங்க?"

"கடைக்கு இல்ல. காத்துக்குக் கணக்கு."

கண்டக்டர் என் பக்கம் திரும்பினார். "மலை ஏறி வந்ததுல அம்மாவுக்குத் தலை சுத்துதுபோல. வெரசா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

மதினி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்தபோதுதான் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். கைப்பிடியைச் சுற்றினால் கூட்டவும் பெருக்கவும் செய்யும் இரும்பு மெஷின் அது. கல்லூரியிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார்.

கோடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில் எங்கள் வீடு சரிவில் தனியாக இருந்தது. என் கணவருக்கு மின்சார இலாகாவில் வேலை. மழைக்காலத்தில் எங்காவது கம்பி அறுந்துகொண்டே இருக்கும். பூம்பாறை, மன்னவனூர் என்று போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. மூடுபனி இறங்கினால் வாசலுக்கு எதிரே இருக்கும் மரமும் மறைந்துவிடும். பிள்ளையும் நானும் மட்டும் இருப்போம். கதவுக்குத் தாழ் போட்டேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், பார்த்தது நிஜம்தானா என்று சந்தேகம் வரும். பிள்ளை தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். இன்டர்மீடியட் வரை கணக்கை எடுத்துப் படித்தவள் நான். அந்தப் படிப்பெல்லாம் பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைப்பதற்குத்தான் உதவியது. மதினி வந்த பிறகு பகலில் வீட்டுக்குள் இன்னொரு பெரிய மனுஷியின் குரல் கேட்டது. அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

அவர் செய்ய நினைத்ததை என்னால் முடிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஒரு வாயுவின் அணுக்கள் எப்படி ஓடுகின்றன என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் இரண்டு அணுக்கள் மிகவும் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும், சற்று விலகினால் மெல்ல இழுக்கும் என்று தெரியும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு விசை என்பதற்குச் சூத்திரம் உண்டு. ஆகவே தாளில் ஒரு சதுரப் பெட்டி வரைந்து, சில அணுக்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் கொடுத்துவிட்டால், அடுத்த நொடிப்பொழுதில் அவை எங்கே இருக்கும் என்று கணக்குப் போடலாம். புதிய இடம் தெரிந்ததும் புதிய தூரம், புதிய விசை, மறுபடியும் புதிய இடம். இப்படியே போக வேண்டும். வெளிநாட்டில் மின்சார இயந்திரங்களை வைத்து இதைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அப்படி ஓர் இயந்திரம் பம்பாயில் ஒரு நிறுவனத்தில் இருந்தது. கையால் செய்த கணக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினால் அங்கே இடம் கிடைக்கும் என்று மதினி நம்பினார்.

பெட்டியின் வலப்பக்கம் வெளியே போகும் அணு இடப்பக்கம் உள்ளே வர வேண்டும் என்பது ஒரு விதி. சுவர் இல்லாமலே பெட்டியை மூடி வைக்கும் தந்திரம் அது. எனக்கு அது விளங்கவில்லை. அந்த நேரத்தில் என் மகள் வாசல் வழியாகத் தவழ்ந்து வெளியே போனாள். நான் பதறி எழுந்தேன். அதற்குள் அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறைக் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டாள். "இதுதான் புள்ள, இவ்வளவுதான்" என்றார் மதினி. என் பிள்ளையைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

கணக்கில் தவறு வராமல் இருக்க ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட வேண்டும். பிறகு எண்களை வாய்விட்டுப் படித்து ஒப்பிட வேண்டும். மெஷின் ஒன்றுதான் என்பதால் காலையில் அவர், மதியம் பிள்ளை தூங்கும்போது நான். கைப்பிடி சுற்றும் சத்தத்துக்குப் பிள்ளை நன்றாகத் தூங்கினாள். நிறுத்தினால்தான் விழித்துக்கொண்டாள். விளக்கு வைப்பதற்கு முன் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து எண்களைப் படிப்போம். வீட்டில் இருக்கும் நாட்களில் என் கணவர் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "என்னக்கா, இன்னைக்குக் காத்து எவ்வளவு தூரம் போயிருக்கு?" என்பார். "ஏலே தம்பி, உன் கரண்டு மாதிரி பாதி வழியில நிக்கல" என்பார் மதினி.

தொடக்கத்தில் எங்கள் எண்கள் ஒன்றாகவே இருந்தன. பிறகு ஒருநாள் என் எண்ணின் கடைசி இலக்கத்தில் ஒன்று கூடியது. "விடு, கடைசி இலக்கம்தானே" என்றார் மதினி. அதன் பிறகு அதற்கு முந்தைய இலக்கம் மாறியது. குளிர் கடுமையான நாட்களில் வித்தியாசம் மெல்ல மேலே ஏறி வந்தது. அவருடைய பெட்டியில் ஓர் அணு இன்னொன்றின் மேல் மோதித் திரும்பியது. என் பெட்டியில் அதே அணு மயிரிழை விலகித் தாண்டிப் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு பெட்டிகளும் முன்பின் பார்த்திராத இரண்டு ஊர்களைப்போல ஆகிவிட்டன.

மதினி சாப்பிடாமல் தவற்றைத் தேடினார். "உன் கணக்கு உனக்கு நிச்சயமா?" என்று கேட்டார். எதிலும் நிச்சயம் இல்லாதவள் நான். ஆனாலும் ஒவ்வொரு வரியையும் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "நிச்சயம்தான் மதினி" என்றேன். அவரும் தன்னுடையதைத் திரும்பப் போட்டார். அதிலும் தவறு இல்லை. அணுக்களின் மொத்த ஆற்றல் மாறாமல் இருக்க வேண்டும். எங்கள் இருவரின் தாளிலும் அது மாறவே இல்லை.

அந்த வாரத்தில்தான் பிள்ளைக்கு முதல்முறையாக மூச்சு இழுத்தது. நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. யூகலிப்டஸ் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே நானும் தேட ஆரம்பித்தேன். ஜன்னலைச் சாத்தத் தாமதமானதா, குளிப்பாட்டிய தண்ணீர் ஆறியிருந்ததா, விறகுப் புகையா, துணி சரியாகக் காயவில்லையா? மேஜையில் மதினி ஒரு தவற்றைத் தேடினார். தொட்டில் அருகே நான் இன்னொரு தவற்றைத் தேடினேன். ஒரே அறையில் இருந்தும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்படி ஒரு தனிமையை மூடுபனியில் ஒற்றையாக இருந்த நாட்களில்கூட நான் அறிந்ததில்லை.

காரணத்தை மதினிதான் கண்டுபிடித்தார். நீளமான எண்ணைச் சுருக்கும்போது கடைசியில் சரியாக ஐந்து வந்தால் என்ன செய்வது? முந்தைய இலக்கத்தில் ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முந்தைய இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால் அப்படியே விட வேண்டும், ஒற்றைப்படையாக இருந்தால் மட்டும் கூட்ட வேண்டும் என்பது அவர் கல்லூரியில் கற்றது. இரண்டும் வழக்கத்தில் உள்ள முறைகள்தான். எல்லாவற்றையும் பேசி வைத்துக்கொண்டு தொடங்கிய நாங்கள் இதை மட்டும் பேசவில்லை. இதற்கு வேறு முறை இருக்கும் என்று இருவருக்குமே தோன்றியதில்லை. ஒரு அரை இலக்கம். அதிலிருந்துதான் இரண்டு ஊர்களும் பிரிந்து போயிருந்தன.

மறுநாள் பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "வொர்ரி பண்ணாதீங்கம்மா" என்றார். "மோஸ்ட்லி இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு வளர வளரச் சரியாயிடும். சிலதுக்குத்தான் மலைக் குளிர் ஒத்துக்காது." எந்தச் சிலதுக்கு என்று கேட்டேன். "அதை இப்பச் சொல்ல முடியாதும்மா" என்று அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது மதினியின் முகம் மலர்ந்திருந்தது. இரண்டு பெட்டிகளின் சராசரிகளையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். சராசரி வேகம், வாயுவின் அழுத்தம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

"பாரு புள்ள, ஒவ்வொரு அணுவும் எங்க போவும்னு நம்மால சொல்ல முடியாது. ஆனா எல்லாம் சேந்து எப்படி இருக்கும்னு சொல்லிடலாம். உன்னுதும் சரி, என்னுதும் சரி. வேலை வீணாப் போகல."

அவருடைய சந்தோஷம் எனக்குப் புரிந்தது. ஆனால் பிள்ளை என் தோளில் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். "டாக்டரும் அதையேதான் சொன்னாரு மதினி, எல்லாம் சேந்தா சரியாயிடும்னு" என்றேன். "எனக்கு இருக்குறது ஒண்ணுதானே. இது எந்தப் பெட்டியில கெடக்குன்னு சொல்லுங்க."

மதினி பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து வந்து பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தன் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டார். "தெரியாது புள்ள. அது எனக்குக் கணக்குல வராது" என்றார். பெரிய படிப்புப் படித்தவர், சமாதானமாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அன்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்போது அது கோபம்தானா என்றும் தெரியவில்லை.

கோடை தொடங்கியதும் அவர் இறங்கிப் போனார். பம்பாயில் இடம் கிடைத்தது. எங்கள் கை மாதக்கணக்கில் செய்ததை அந்த இயந்திரம் பிள்ளை ஒரு தூக்கம் போடுவதற்குள் முடித்துவிடும் என்று எழுதினார். சீக்கிரம் முடிகிறது என்று நானும் சந்தோஷப்பட்டுப் பதில் எழுதினேன். இனி எதிரே உட்கார்ந்து எண்களைப் படிக்க அவருக்கு ஆள் தேவையில்லை என்பதையும் தெரிந்துகொண்டேன். மெஷின் கல்லூரிக்குத் திரும்பிப் போன பிறகு பல நாட்கள் பிள்ளை மதியத்தில் தூங்க மறுத்தாள்.

மதினியோடு செய்த வேலை என் பயத்தைக் குறைத்திருக்க வேண்டும். ஆனால் அதிகப்படுத்திவிட்டது. முன்பெல்லாம் பெரிய தவறு செய்துவிடுவேனோ என்று பயந்தேன். இப்போது தவறே இல்லாத சின்ன விஷயங்களுக்கும் பயப்படுகிறேன். எந்த ஸ்வெட்டரைப் போட்டுவிட்டேன், எந்த பஸ்ஸில் ஏறினோம் என்பதிலிருந்துகூட ஒரு வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிடலாம் அல்லவா?

போன வருடம் மழைக்காலத்துக்கு முன் மகளை வத்தலக்குண்டு வழியாகச் சுற்றிக்கொண்டு பழனிக்கு அழைத்துப் போனேன். கொழுந்தனுக்கு அடிவாரத்தில் கடை. அவர் மனைவி நல்ல மனசுக்காரி. "விட்டுட்டுப் போங்கக்கா. எங்க பிள்ளைங்க நாலோட அஞ்சா வளரட்டும். இங்க வெயில்ல எந்தச் சளியும் நிக்காது" என்றாள். விட்டுவிட்டு வந்தேன். அந்த மழையிலும் பனியிலும் மகளுக்கு ஒருமுறைகூட இழுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடம் இங்கே என்னோடு இருந்தபோதும் ஒருமுறைகூட இழுக்கவில்லை. பழனி வெயில் காப்பாற்றியதா, வளர்ந்ததால் தானாகவே சரியாகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டாவது தாளில் போட்டுப் பார்க்க முடியாதே.

தை மாதம் அழைத்துவரப் போனேன். கொழுந்தன் பிள்ளைகள் "பெரியம்மா வந்தாச்சு" என்று ஓடி வந்தார்கள். அவர்களோடு என் மகளும் ஓடி வந்தாள். நன்றாகச் சதை பிடித்திருந்தது, மூச்சு வாங்காமல் ஓடினாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவளும், "பெரியம்மா, எனக்கு என்ன கொண்டாந்தீங்க?" என்றாள். கொழுந்தன் மனைவி பதறிப்போய், "ஏ கழுத, அம்மான்னு சொல்லு" என்று அதட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பும் பஸ்ஸில் பெருமாள்மலை வந்து குளிர்காற்று முகத்தில் படும்வரை அவள் என்னை அம்மா என்றோ பெரியம்மா என்றோ கூப்பிடவில்லை.

ஜூன் மாதம் நெருங்குகிறது. அனுப்பினால் வருடம் முழுவதும் அங்கேதான். "உன் இஷ்டம்" என்கிறார் என் கணவர். அதைவிடக் கஷ்டமான சொல் எனக்கு வேறு இல்லை. மதினிக்கும் எழுதிக் கேட்டேன். "நீ என்ன செய்தாலும் குறை சொல்ல மாட்டேன்" என்று அன்பாகப் பதில் எழுதியிருக்கிறார்.

இதைப் படிக்கும் தாய்மார்களில் மூச்சு இழுக்கும் பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். நீங்கள் பிள்ளையை உங்களோடு வைத்துக்கொண்டீர்களா, வெயில் உள்ள ஊருக்கு அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் அது திரும்பி வந்து உங்களிடம் ஒட்டிக்கொண்டதா? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். பெரும்பாலும் என்ன ஆகும் என்று எழுத வேண்டாம், அதை டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் ஒரு பிள்ளைக்கு என்ன ஆனது என்று மட்டும் எழுதுங்கள்.