நாற்பது கார் வைத்திருந்த மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் பால்கனியில் உட்கார்ந்து கால் நகத்துக்கு நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்து மூக்கில் ஏறியதும் கீரையை மறந்துவிட்டேன். மற்றவர்களுக்கு நெயில் பாலிஷ் வாசனை கல்யாண வீட்டை நினைவுபடுத்தலாம். எனக்கு அம்பாசடர் கார்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். கல்யாணமும் இதில் வருகிறது, ஆனால் அது நடக்காத கல்யாணம்.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்வதுதான் என் முதல் வேலை. மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வரும் குழந்தைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கத்தியைக் கண்டு அழுத அழுகையை நிறுத்த, இறங்கி வரும்போது பெற்றவர்கள் ஒரு பொம்மைக் கார் வாங்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். தலையில் சந்தனமும் கையில் காருமாக வரும் அந்தப் பிள்ளைகள், அறையைக் காலி செய்யும்போது காரை விட்டுவிட்டுப் போவார்கள். லட்டுப் பையை யாரும் மறந்து நான் பார்த்ததில்லை. கார்தான் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், பாத்ரூம் பக்கெட்டில் கிடக்கும், ஒருமுறை தலையணை உறைக்குள்ளிருந்து வந்தது. அறை பெருக்கும் அம்மா எல்லாவற்றையும் கொண்டுவந்து என் மேஜைமேல் வைப்பார். மூன்று மாதம் டிராயரில் வைத்துப் பார்ப்பேன். யாரும் கேட்டு வரமாட்டார்கள். ஒரு பொம்மைக் காருக்காக நாசிக்கிலிருந்து யார் திரும்பி வருவார்கள்?

பாதிக் கார்களுக்குச் சக்கரம் இருக்காது. பேனா ரீஃபிளை வெட்டி அச்சாகப் போடக் கற்றுக்கொண்டேன். உப்புத்தாளால் துருவைத் தேய்த்தேன். பெயின்ட் வாங்கப் போனால் கடையில் அரை லிட்டருக்குக் குறைந்து கிடையாது. அப்போதுதான் நெயில் பாலிஷ் கண்ணில் பட்டது. சிறிய பாட்டில், உள்ளேயே பிரஷ், எத்தனையோ நிறம். வளையல் கடையில் நின்று ஒரு பொம்மைக் காரின் பானெட்டோடு வைத்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பொண்ணு இன்னா நெறம்னு சொல்லு நைனா, நானே எடுத்துக் குடுக்கறேன்.” வெள்ளை என்று சொல்லிவிட்டு வந்தேன். காரைத்தான் சொன்னேன்.

பிறகு சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. அங்கே வீடு பிடித்து, நகரியிலிருந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டேன். என்னோடு ஒரு கண்ணாடி பீரோ நிறைய கார்களும் வந்தன. எண்ணினால் நாற்பது. அவற்றில் ஒன்று மட்டும் லாட்ஜில் கிடைத்தது அல்ல, நானே முதலிலிருந்து செய்தது. எண்ணெய் டின் தகட்டை வெட்டி வளைத்து, பிளம்பர்கள் ஒழுகலை அடைக்கும் எம்-சீலைப் பூசி, ஒரு சாண் நீளத்தில் செய்த அம்பாசடர்.

எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். தரகர் போன் செய்து, “பையனுக்கு காரு கீரு எதுனா கீதா?” என்று கேட்டிருக்கிறார். பீரோவைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போயிருந்த அம்மா, “நாப்பது காரு வெச்சிகினு கீறான், வேற இன்னா வேணும்?” என்று சொல்லி வைத்துவிட்டாள். தரகர் பாவம், கேட்டதை அப்படியே புத்தலப்பட்டில் பெண் வீட்டில் போய்ச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை காலை வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா முனிரத்தினம், கூடவே பெண்ணின் தாய்மாமன். காப்பி குடித்தார்கள். ஒற்றைப் படுக்கையறை வீடு, வாசலில் என் பழைய மொபெட். தாய்மாமன் இரண்டு முறை எழுந்து தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கடைசியில் கேட்டார்: “காருங்க எல்லாம் எங்க நிறுத்திகீறீங்க தம்பி?”

என் கார்களைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் மரியாதையாகக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. “உள்ள பெட்ரூம்ல கீது. வாங்க, காட்டறேன்” என்றேன்.

பீரோவுக்கு முன்னால் நின்ற தாய்மாமனின் முகத்தை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். “இன்னா, வெளயாடிகினு கீறியா?” என்றார். ஆமாம் என்பதுதான் உண்மையான பதில். அம்மா சமையலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை.

முனிரத்தினம் மட்டும் கோபப்படவில்லை. குனிந்து, கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று அந்த அம்பாசடரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்த நீயே செஞ்சியா?”

“ஆமா மாமா.” அந்த வீட்டுக்கு மருமகனாகப் போகிறோம் என்ற நினைப்பில் வந்த மாமா அது.

“கியர கீழ வெச்சிகீற. இது பழைய மாடலு. ஹேண்ட் கியர் இல்ல வரணும், ஸ்டியரிங்காண்ட?”

தாய்மாமன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாளில் தரகர் மூலம் பதில் வந்தது. பெண் பெயர் புவனா. “பொம்ம வெச்சி வெளயாட்ற ஆளு எனக்கு வேணாம் நைனா” என்று சொல்லிவிட்டாளாம். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் ஒரு வாரம் அந்த பீரோவைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து இன்னொரு சனிக்கிழமை. கதவைத் திறந்தால் முனிரத்தினம், கையில் கத்தரிக்காய் பையோடு நிற்கிறார்.

“மார்க்கெட்டுக்கு வந்தேன். நான் இங்க வந்தது ஊட்ல தெரியாது பாபு” என்றார். உள்ளே வந்து உட்கார்ந்து, வெகுநேரம் வெயிலைப் பற்றியே பேசினார். அப்புறம், “எங்கிட்ட ஒரு அம்பாசடர் இருந்துச்சி. அத்த செஞ்சி குடுப்பியா?” என்று கேட்டார்.

சித்தூர் டாக்ஸி ஸ்டாண்டில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிய சொந்த வண்டி. இஞ்சின் போய், எடைக்குப் போட வேண்டியதாகிவிட்டது. “இரும்புக் கடையில மிஷினு வெச்சி ரெண்டா அறுத்தான். நான் பாக்கல, டீ குடிக்க பூட்டேன்” என்றார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் வந்தார். நான் என்ன செய்தாலும் அவருக்குக் குறை தெரிந்தது. பம்பர் கொஞ்சம் நெளிந்திருக்க வேண்டும், மதனப்பள்ளி போகும்போது இடித்தது. வைப்பர் ஒன்றுதான், இன்னொன்றை யாரோ திருடிக்கொண்டு போனார்கள். நிறம் கேட்டால், “வெள்ள இல்ல, மஞ்சளும் இல்ல. பால்ல ரெண்டு சொட்டு டிகாஷன் உட்டா வருமே, அது” என்பார். வளையல் கடைகளில் அந்த நிறத்தைத் தேடி நான் நின்ற கதை தனி. விளக்குக்குக் கம்மல் கல், பின்விளக்குக்குச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. ஹேண்ட் கியர் மட்டும் மூன்று முறை ஒடிந்தது. கடைசியில் ஒரு குண்டூசியை வளைத்து வைத்தேன்.

சம்பந்தம் முறிந்த பிறகு அவரை என்னவென்று கூப்பிடுவது? அண்ணே என்று ஆரம்பித்துப் பார்த்தேன், சார் என்று பார்த்தேன். இரண்டும் வாயில் ஒட்டவில்லை. மாமாவே நின்றுவிட்டது. நடுவில் பிச்சாட்டூர்ப் பெண்ணோடு எனக்குக் கல்யாணமும் ஆனது. முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். என் மனைவி கேலிக்காரி. சனிக்கிழமை கதவைத் திறந்துவிட்டு, “உங்க வராத மாமனார் வந்துகீறாரு” என்று அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டு, காப்பிக்குப் பால் வைப்பாள். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

சீட் வேலைக்கு வந்தபோதுதான் சண்டை. முன்சீட்டுக்குச் சிவப்பு ரெக்ஸின் ஒட்டினேன். பின்சீட்டு ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் என்றார். நன்றாக இருக்காது மாமா, முழுக்கச் சிவப்பாகவே இருக்கட்டும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

தன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்ததும் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார். நல்ல மழை. பாதி வழியில், பின்னால் உட்கார்ந்திருந்த மாமியார் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறார். புளியமரத்து ஓரமாக நிறுத்தினாராம்.

“சாவியக் கூட ஆஃப் பண்ல பாபு. இஞ்சின் ஓடிகினே கீது. அழுவறது கொழந்தயா, ஃபேன் பெல்ட்டு கத்துதான்னு எனக்குத் தெர்ல. திரும்பிப் பாக்க பயம்.”

புவனா அப்படித்தான் பிறந்தாள். அந்தப் பக்கத்துச் சீட்டு வீணாகிவிட்டது. மாற்றப் போனபோது கடையில் சிவப்பு இல்லை, நீலம்தான் இருந்தது. பிறகு சிவப்பு கிடைத்தும் அவர் மாற்றவில்லை. “கடசி வரைக்கும் அப்டியேதான் ஓட்னேன். யார்கிட்டயும் ஏன்னு சொல்லல” என்றார்.

நான் நீல ரெக்ஸின் தேடிக்கொண்டு போனேன்.

கார் முடிந்தது. ஆனால் அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. “ஊட்ல இன்னான்னு சொல்றது? எம் பொண்ணு வேணாம்னு சொன்ன ஊட்லேந்து பொம்ம எடுத்துகினு வந்தேன்னா?” அதனால் அது என் பீரோவிலேயே இருந்தது. சனிக்கிழமை வந்து பத்து நிமிஷம் கையில் வைத்திருப்பார். கதவைத் திறப்பார், மூடுவார், போய்விடுவார்.

ஒரு ஆடி மாதம் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை அவர் வரவில்லை. மார்க்கெட்டில் அவர் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து விசாரித்தேன். பக்கவாதம், வலது பக்கம் வரவில்லை, பேச்சும் போய்விட்டது என்றார். வீட்டுக்கு வந்து பீரோ முன்னால் உட்கார்ந்துவிட்டேன். “குந்திகினு இருந்தா ஆச்சா? எடுத்துகினு போய் குடுத்துட்டு வாங்க” என்று என் மனைவிதான் ஒரு செருப்பு டப்பாவைக் காலி செய்து கொடுத்தாள்.

புத்தலப்பட்டில் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினேன். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் திறந்தாள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்த புவனா. என்னைப் பார்க்காமலேயே வேண்டாம் என்றவளை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

“யாரு வேணும்?”

“சித்தூர்லேந்து வரேன். மாமா... ஒங்க நைனாவப் பாக்கணும். ஒரு காரு...”

அவள் டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “நாப்பது காரா?” என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காரை அவர் இடது கையில் வைத்தேன். கட்டைவிரலால் கூரையைத் தடவினார், நெளிந்த பம்பரைத் தடவினார். அப்புறம் காரை மடியில் வைத்துவிட்டு, இடது கையைக் காற்றில் தூக்கி, தன் பக்கம் இழுத்துக் கீழே தள்ளினார். கியர் போடுகிறார் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

புவனா குனிந்து பின்கதவைத் திறந்து பார்த்தாள். “ஐயே, நீல சீட்டு! இதுலதான் நான் எப்பவும் குந்துவேன். நைனா என்ன செவப்பு பக்கம் உடவே உடாது. இது எப்டி ஒங்களுக்குத் தெரியும்?”

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். சொன்னேன்.

அவள் குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “வழியில பொறந்தேன்னு மட்டும்தான் சொல்லிகீறாங்க” என்றாள். அவருடைய வராத வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அன்னிக்கி நான் அப்டி சொன்னது...” என்று இழுத்தாள்.

“பரவால்லமா. எம் பொண்டாட்டியும் அதையேதான் சொல்றா. இன்னா, கட்டிகினு வந்து சொல்றா.”

மாமாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புதான். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, “துன்னுட்டுதான் போவணும்” என்று தட்டை வைத்தார்.

அடுத்த தையில் மாமா போய்விட்டார். மூன்று வருஷம் கழித்து ஒரு மதியம் புவனா போன் செய்தாள். பாப்பா காரை எடுத்து விளையாடி, கதவு ஒன்று போய்விட்டது, சக்கரம் இரண்டைக் காணோம். “அனுப்பினா சரி பண்ணிக் குடுப்பீங்களா?” என்று பயந்து பயந்து கேட்டாள். என் பீரோவை எந்தக் குழந்தையையும் தொடவிட்டவன் இல்லை நான். ஆனால் போனில் அவள் குரலுக்குப் பின்னால், அந்தப் பிள்ளை வாயாலேயே வண்டி ஓட்டுவது கேட்டது. உர்ரென்று ஏற்றி, நடுவில் கியர் மாற்றி, ஹாரன் அடித்து.

“வேணாம்மா, ஓட்டட்டும்” என்றேன்.

சித்தூர் டாக்ஸி ஸ்டாண்டில் இப்போது ஷேர் ஆட்டோக்கள் நிற்கின்றன. நான் திருப்பதிக்கே திரும்பி வந்துவிட்டேன். அந்த லாட்ஜ் இருந்த இடத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. மொட்டைப் பிள்ளைகள் இப்போது செல்போனைக் கேட்டுத்தான் அழுகிறார்கள். அந்த அம்பாசடரின் கூரைத் தகடு மட்டும் கொஞ்ச நாள் மண் அள்ளக் கிடந்ததாம். பிறகு அதுவும் எங்கே போயிற்றோ. பாப்பா ஐந்தாவது படிக்கிறாள், சைக்கிள் கேட்கிறாளாம்.