கார் நிறுத்தப் போனவன்

கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏறுகிறவர்கள் உத்தமபாளையத்தில் என் உரக்கடைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது கொஞ்ச காலம் வழக்கமாக இருந்தது. லட்சத்தீவுக்குப் பயணிகள் கப்பல் போகிறது, ஐந்து நாளில் சுற்றிக்காட்டிக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று எங்கள் பக்கம் பேச்சு பரவியிருந்தது. காரில் போகிறவர்களுக்கு இரண்டு சந்தேகம். எந்த வழியாகப் போவது, போன இடத்தில் காரை எங்கே விடுவது?

நான் கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு விலாவாரியாகச் சொல்வேன். போடிமெட்டு ஏறி மூணாறு வழியாகப் போனால் கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் வளைவில் வருகிற வரத்தைப் பார்த்தால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மனசு வராது. கம்பம் மெட்டு வழி, ஓட்டத் தெரிந்தவனுக்கு. குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம், கோட்டயம் என்று இறங்குவதுதான் குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சரி. காரைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே காசு கட்டி விடலாம். முதல்நாள் தங்கும் லாட்ஜிலேயே சொல்லிவிட்டும் போகலாம். தெரிந்தவர் வீட்டில் மட்டும் விடாதீர்கள் என்று விரலை உயர்த்திச் சொல்வேன்.

இவ்வளவும் சொல்கிறவன் அந்தக் கப்பலில் காலே வைத்ததில்லை என்பது கேட்க வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பாதி தெரிந்துகொண்டுதான் வருவார்கள். அவர்களுக்கு வழியைவிட, வழி சொல்லும்போது என் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில்தான் அக்கறை.

கப்பல் ஆசை என்னுடையது அல்ல, என் மனைவியுடையது. அவள் கோம்பையில் பிறந்தவள். பிறந்த வீட்டு வாசலில் நின்றால் மலை, கட்டிக்கொண்டு வந்த வீட்டு மாடியில் நின்றாலும் மலை. "எந்தப் பக்கம் திரும்புனாலும் மலதேன். சட்டிக்குள்ள உக்காந்திருக்க மாதிரி இருக்கு. ஒரு தடவையாச்சும் மலையே கண்ணுல படாத எடத்துல போயி நிக்கணுங்க" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். நான் மதுரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே யானைமலை இருந்தது. ராமேஸ்வரம் போகலாம் என்று ஒவ்வொரு கோடையிலும் சொல்லி, ஒவ்வொரு கோடையிலும் கடையைச் சாக்கு சொன்னேன். கப்பலைப் பற்றி யாரோ சொன்ன அன்றைக்கு, "நடுக்கடல்ல மலை இருக்காதுல்ல?" என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் என்னால் சாக்கு சொல்ல முடியவில்லை.

அனுமதிச் சீட்டு, பயணச்சீட்டு எல்லாம் வாங்கியாயிற்று. குமுளிக்குப் போனால் எர்ணாகுளத்துக்கு நேர் பஸ் இருக்கிறது, அதில் போய்விடலாம் என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தேனியில் செகண்ட் ஹேண்டாக ஒரு மாருதி வாங்கி நிறுத்தியிருந்தேன். வாங்கிய நாளிலிருந்து அது பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருந்தது. "கார வாங்கி வச்சுட்டு பஸ்ல போனா ஊரு என்ன சொல்லும்?" என்றேன். பிற்பாடு ஊர் என்னவெல்லாம் சொன்னது என்பதை நினைத்தால், பஸ்ஸில் போயிருக்கலாம்.

குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். பின்னால் வந்த கேரள பஸ்காரர்கள் ஹாரனில் என்னைத் திட்டினார்கள். பொறுமை இழந்து தாண்டிப்போனவர்கள் தலையை வெளியே நீட்டி வாயாலும் திட்டினார்கள். மலையாளம் தெரியாதவனாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். எல்லைப் பக்கத்துக்காரன், ஒவ்வொரு சொல்லும் புரிந்து தொலைத்தது. இரவு எர்ணாகுளத்தில் லாட்ஜில் தங்கினோம். நான் சன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கீழே கார் நின்றது. "அது எங்கயும் போகாது, படுங்க" என்று அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் துறைமுகத்துக்கு மற்ற எல்லோருக்கும் முன்னால் போய்விட்டோம். கதவுக்கு வெளியே ஒரு பெரிய காலி இடத்தில் வண்டிகளை வரிசையாக விட்டிருந்தார்கள். காக்கிச் சட்டை போட்டவர் ஒருவர் வந்து, "இவிட இட்டோ சேட்டா, ஒரு பிரச்னயும் இல்லா" என்றார். இங்கேயே விடுங்கள் என்று ஒரு மனிதர் இடத்தையும் காட்டி உத்தரவாதமும் கொடுக்கிறார். இதற்குமேல் ஒருவனுக்கு என்ன வேண்டும்?

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேண்டும். வண்டியை நாங்கள் இடம் பார்த்து விடுவதில்லை, ஆள் பார்த்து விடுவோம். தேனிச் சந்தைக்குப் போனால் தெரிந்த கமிஷன் கடை வாசலில். வீரபாண்டித் திருவிழா என்றால் யாராவது சொந்தக்காரர் வீட்டு முன்னால். "அண்ணே, வண்டி நிக்கிது, பாத்துக்கங்க" என்று ஒரு வாய் சொல்லாமல் நகர்ந்தால், பிள்ளையைக் கூட்டத்தில் விட்டுவிட்டு வந்தது மாதிரி மனசு அடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த அண்ணன் பார்க்கிறாரா, கடையை அடைத்துவிட்டுத் தூங்கப் போகிறாரா என்பது வேறு விஷயம். சொல்லியாயிற்று, அவ்வளவுதான். முகம் தெரியாத ஒருவரிடம் காரை ஐந்து நாள் விட்டுவிட்டுக் கடலுக்குள் போவதா?

துறைமுகத்தை ஒட்டிய பாலத்துக்கு அந்தப் பக்கம் தோப்பும்படியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் காய்கறி மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார். என் தங்கையைக் கட்டியவருக்குப் பெரியப்பா மகன், எனக்கு மச்சான் முறை. மனைவியைப் பெட்டிகளோடும் சீட்டுகளோடும் காத்திருக்கும் கூடத்தில் உட்கார வைத்தேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து இருந்த ஒற்றைச் செல்போனும் அவள் கைப்பையில்தான் இருந்தது. "இந்தா, போனதும் வந்துருவேன்" என்றேன். அவள் கப்பல் இருக்கும் திசையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தலையை மட்டும் ஆட்டினாள்.

மச்சான் வீட்டில் காரை விட்டுவிட்டு உடனே கிளம்ப முடியாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். முற்றத்தில் நிறுத்தி இறங்கியதுமே இலை போட்டுவிட்டார்கள்.

"மச்சான், கப்பலுக்கு நேரமாச்சு."

"கப்பல் என்ன மினி பஸ்ஸா மாப்ள, விட்டுட்டு ஓடுறதுக்கு? அம்புட்டுப் பெருசு நகரவே நேரமாகும். வீட்டு வாசல்ல வண்டிய விட்டுட்டுக் கை நனைக்காமப் போனா, எங்க வீடு என்ன ஸ்டாண்டா?"

இப்படிக் கேட்டுவிட்டால் எங்கள் ஊரில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உட்கார்ந்தேன். மீன் குழம்பு நன்றாக வேறு இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். சாப்பாட்டின் நடுவில் அவர் வீட்டுப் போனிலிருந்து மனைவியைக் கூப்பிட்டேன்.

"எங்கன இருக்கீக? உள்ள வரச் சொல்லுறாக. எல்லாரும் போறாக. நான் என்ன செய்ய?"

"நீ போயி ஏறு. என் சீட்டக் கதவுக்கிட்ட இருக்கவர்ட்டக் குடுத்துட்டுப் போ. நான் பின்னாடியே வாரேன்."

கை கழுவிவிட்டு ஆட்டோ பிடித்துக் கிளம்பியும்விட்டேன். அந்த நிமிடம்கூட எனக்கு நேரம் இருந்தது. பாலத்தில் ஏறும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. காரைத் தென்னை மரத்துக்கு நேர் கீழே நிறுத்தியிருந்தேன். நிறுத்தும்போது நிழல் என்று மகிழ்ந்தவன், இப்போது மேலே தொங்கிய தேங்காய்க் குலையை நினைத்தேன். ஐந்து நாளில் ஒரு நெற்று விழாமலா இருக்கும்? மாருதியின் கூரைத் தகடு எவ்வளவு கனம் என்பது எனக்குத் தெரியும். விரலால் தட்டிப் பார்த்துத்தானே வாங்கினேன்? ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். டிரைவர் என்னைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பினார்.

காரை முன்னால் எடுத்தால் பலா மரம். பின்னால் எடுத்தால் மச்சானுடைய லாரி. லாரியை எடுக்க ஆளைக் கூப்பிட்டு, அது நகர்ந்து, நான் நேராக்கி, கோணலாகி, மறுபடி நேராக்கி, கடைசியில் சுவர் ஓரமாக வெட்டவெளியில் நிறுத்தினேன். மச்சான் வாசல்படியில் நின்று, "ஸ்டியரிங்க ஒடி, ஒடி" என்று கை காட்டிக்கொண்டிருந்தார். திரும்பப் பாலத்துக்கு வந்தபோது அதன் மேல் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. நான் இறங்கி ஓடினேன். மீன் குழம்பும் என்னோடு ஓடியது.

கதவு சாத்தியிருந்தது. அங்கே இருந்தவர் என் பெயரைக் கேட்டு, சீட்டைக் காட்டி, உங்கள் மனைவி ஏறிவிட்டார் என்றார். பெட்டிகளும் ஏறிவிட்டன. ஏணியையும் எடுத்துவிட்டார்கள். நான் கெஞ்சினேன், மலையாளத்தில் கெஞ்சினேன். பிறகு அழுகை வந்துவிடும் போலிருந்ததால் தமிழுக்கு மாறினேன். அந்த மனிதர் பாவம், எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கப்பல் ஒரு முறை ஊதிவிட்டு நகர்ந்தது. மேல்தளத்தில் பச்சைப் புடவையில் ஒருத்தி கையாட்டுவது தெரிந்தது. கிளம்பும்போது அவள் கட்டியிருந்ததும் பச்சை. நான் துண்டை எடுத்து வீசினேன். கப்பல் வளைந்து மறையும் வரை வீசிக்கொண்டே இருந்தேன். அப்போது அவளுக்கு நான் இல்லாமல் யார் இருக்கிறார்கள், தனியாக ஒரு ராத்திரி எங்கேயும் தங்கியதில்லையே என்று நினைத்தபோது, வீசிய துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மச்சான் வீட்டுப் போனிலிருந்து அவளிடம் இருந்த செல்போனைக் கூப்பிட்டால், எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. ஊருக்குத் திரும்பலாமென்றால், மனைவி எங்கே என்று தெருவில் கேட்பார்கள். கப்பலில் போயிருக்கிறாள் என்றால், நீ ஏன் போகவில்லை என்பார்கள். கார் நிறுத்தப் போனேன் என்று சொல்லிப் பார்த்தேன், மனசுக்குள்ளேயே கேட்கச் சகிக்கவில்லை. மச்சான் வீட்டிலேயே தங்கிவிட்டேன். காலையில் எழுந்ததும் காரைப் பார்ப்பேன். சாயங்காலம் துறைமுகத்துக்குப் போய்க் காலித் தண்ணீரைப் பார்ப்பேன். "தங்கச்சி தைரியமான ஆளு மாப்ள, ஒண்ணும் ஆகாது. இங்கன காரும் பத்திரமா இருக்கு" என்று மச்சான் ஆறுதல் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் வீட்டார் உள்ளே போய்ச் சிரிப்பார்கள். அந்த ஐந்து நாளில் தென்னையிலிருந்து ஓர் ஓலைகூட விழவில்லை.

கப்பல் வந்த அன்று, முதல் ஆளாகக் கதவருகே நின்றேன். முகம் வெயிலில் கருத்து, தலை கலைந்து, பெட்டிகளை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். கப்பலில் பழகிய இரண்டு குடும்பங்கள் அவளிடம் சொல்லிக்கொண்டு போயின. என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையில், கதை அவர்களுக்கு முழுசாகத் தெரியும் என்பது தெரிந்தது.

"கிளம்புறப்ப கையாட்டுனேனே, பாத்தியா?"

"எங்கன? நான் அந்தப் பக்கம் நின்னு கடலப் பாத்துக்கிட்டிருந்தேன்."

கோட்டயம் தாண்டும் வரை அவள் பேசவில்லை. நானும் ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன். பேசாமல் இருப்பது அவள் சுபாவம் அல்ல, கோபம் வந்தால் அப்போதே கொட்டிவிடுகிறவள். அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது. முண்டக்கயத்தில் மலை எதிரே எழும்பி நின்றதும், தானாக ஆரம்பித்தாள்.

"ஏணிய எடுக்குறதுக்கு முன்னாடி ஆபீசரு ஒருத்தர் வந்தாக. வீட்டுக்காரர் வரல, எறங்கிக்கிறீங்களான்னு கேட்டாக. நான் மாட்டேன்னுட்டேன்."

"சரிதான்" என்றேன்.

"மறுநா காலைல மேல போயி நின்னேன். சுத்திச் சுத்திப் பாத்தேன். மலையே இல்ல. ஒண்ணுமே இல்ல, தண்ணியும் வானமுந்தேன். நான் கேட்ட மாதிரியே இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தேன் இருந்துச்சு. ஆனா உங்கள வையணும்னு ராத்திரியெல்லாம் சேத்து வச்சிருந்தேன். அங்கன நின்னு வாயத் தெறந்தா, வையுறதுக்கு ஆள் இல்ல. அம்புட்டுப் பெரிய எடத்துல நான் ஒருத்திதேன் நிக்கிறேன். அப்பத்தேன் எனக்கு அழுக வந்துருச்சு."

எனக்குக் கண் மறைத்தது. அப்படியே ரோட்டோரமாக வண்டியை நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ் ஊதிக்கொண்டே தாண்டிப்போனது.

"இப்ப வையி" என்றேன்.

"வண்டிய எடுங்க, நடு ரோட்டுல நின்னுக்கிட்டு" என்றுதான் ஆரம்பித்தாள். குட்டிக்கானம் ஏற்றம் முழுக்க வைதாள், பீர்மேட்டில் டீ குடிக்கும்போதும் வைதாள், என்னையும் காரையும் மச்சானையும் மீன் குழம்பையும் ஒன்றுவிடாமல் வைதாள். குமுளி செக்போஸ்ட்டில் கண்ணாடியை இறக்கச் சொன்ன போலீஸ்காரர், உள்ளே அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போகச் சொல்லிவிட்டார்.