மகளுக்கு எதிரே ஒரு தட்டு

இட்லியை விள்ளுவதற்கே தனகோடி அத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் மகள் ஒரு விள்ளல் வாயில் வைத்தால்தான் இவரும் வைப்பார். நைட் ஷிப்ட் முடிந்து, ஆறரைக்கு மைன்ஸிலிருந்து குவார்ட்டர்ஸுக்குச் சைக்கிள் மிதித்து வந்தவர். காதோரக் கரித்தூள்கூட இன்னும் போகவில்லை. இமைகள் கனத்துக் கனத்து விழுகின்றன.

சங்கீதாவுக்குப் பதினேழு வயது. 2014 ஜூலையில் பள்ளிக்கூடப் பிரேயரில் மயங்கி விழுந்தாள். உடம்பு பருத்துவிட்டது என்று தானாகவே சோற்றைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் தட்டைக் கண்டாலே பயப்படும் நிலைக்கு வந்திருந்தாள். காத்து கருப்பு என்று சேத்தியாத்தோப்பு உறவுக்காரர்கள் கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். புதுச்சேரி டாக்டரம்மாதான் இது வியாதி என்றார். "கூடவே உக்காந்து சாப்பிடுங்க. திட்டாதீங்க, கெஞ்சாதீங்க. உடம்பைப் பத்திப் பேசவே பேசாதீங்க."

அன்றிலிருந்து தனகோடி ஓவர்டைம் பார்ப்பதில்லை. "வூட்டுல ஒரு டூட்டி இருக்குதுங்க" என்பார் கன்வேயர் பெல்ட்டில் உடன் வேலை செய்பவர்களிடம். என்ன டூட்டி என்று சொல்லமாட்டார். மனைவி அமிர்தம் சமைத்து வைத்துவிட்டு அடுக்களையிலேயே நின்றுகொள்வாள். மகளுக்கு எதிரே உட்கார்ந்தால் அவளுக்கு அழுகை வந்துவிடும். இவருக்கு வருவது கோபம். ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, சுவரில் வழிந்த சாம்பாரைத் தாமே துடைத்தார். மகள் மூன்று நாள் பேசவில்லை. அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தில் மைன்ஸ் கதை மட்டும்தான்.

"பெல்ட்டு நின்னு கெடந்தா போதும் பாப்பா, ஒரு நாயி வந்து அது மேல படுத்துக்கினு இருக்குது. வெரட்டுனா நம்மளயே மொறைக்குது."

அவள் சிரித்தாளா என்று நிமிர்ந்து பார்க்கமாட்டார். பார்த்தால் சாப்பிடுவதை நிறுத்திவிடுவாள்.

இன்றைக்குக் கதை பாதியிலேயே நின்றுபோனது. தனகோடியின் தலை மார்பில் சரிந்தது. விரல்களில் சட்னி காய்ந்துகொண்டிருந்தது. சங்கீதாவின் தட்டில் இன்னும் ஒன்றரை இட்லி. பின்வாசல் திறந்துகிடந்தது. இப்படி அவர் அசந்த காலைகளில் அவள் தட்டு அந்த வழியாகத்தான் காலியாகும். அடுக்களைக் கதவோரம் அமிர்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சங்கீதா வாசலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா, எழுந்திரு. என்னால தனியா முடியல."

தனகோடி திடுக்கிட்டு விழித்தார். ஹாட்பாக்ஸைத் திறந்து, இன்னோர் இட்லியை எடுத்துத் தம் தட்டில் வைத்துக்கொண்டார்.