கற்பூரப் பொட்டலம்

சித்தூர் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் வலது கையை உற்றுப் பார்த்தேன். மடியில் கிடந்து தானாக ஆடிக்கொண்டிருந்தது. நான் தச்சன், புத்தூரில் பட்டறை. அந்தக் கை மரம் சீவும் இழைப்புளியைக் கடைசியாகப் பிடித்து இரண்டு மாதமாகியிருந்தது.

எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மதராஸோடு சேருமா என்று டீக்கடையெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். எந்தப் பக்கம் போனாலும் மதுவிலக்குதான். கள்ளச்சாராயம் கிடைக்காத நாளில் நான் மேசைக்குப் பூசும் ஸ்பிரிட் கலந்த பாலிஷையே குடித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டிலும் அந்த நாற்றம் அடித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, கல்லீரல் (சாப்பிட்டதைப் பக்குவப்படுத்தும் உறுப்பு) வீங்கியிருக்கிறது என்றார். "நீயா வீட்டுல திடீர்னு நிறுத்திடாதப்பா. உயிருக்கே ஆபத்து. இங்கயே படு."

மூன்றாம் நாள் சன்னி (குடியை நிறுத்தியதும் இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும் நிலை) வந்தது. கட்டிலின் கால்மாட்டில் என் மூத்த மகள் செல்வி பச்சைப் பாவாடையோடு நின்றாள். அவள் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் குடிகாரன் திருந்த ஒரே வழிதான் உண்டு: கற்பூரத்தைக் கொளுத்தி, பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்வது. என் மனைவி கமலா கேட்டாள், செல்வியின் தலையில் கைவைத்துச் செய்தேன். ஒன்பது நாள் தாங்கினேன். பத்தாம் நாள் குடித்தேன். அந்த வாரமே செல்விக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு (கெட்ட தண்ணீரால் வரும் குடல் காய்ச்சல்) என்றார்கள். சத்தியத்தை மீறியதால்தான் என்றது ஊர். நானும் ஊர் சொன்னதைத்தான் நம்பினேன். நம்பியதால் இன்னும் அதிகமாகக் குடித்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் தனியாகக் கூப்பிட்டார். திருப்பதி ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள சத்திரத்தில், ஞாயிறுதோறும் குடியை விட்டவர்கள் சிலர் கூடுகிறார்களாம். குடித்தேன் என்று சொன்னாலே போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தால் வெளியே பஜனை என்று பேர்.

போனேன். பஜனை எங்கே என்று கேட்டேன், காட்டினார்கள். ஒரு மணி நேரம் ஜால்ரா சத்தத்தில் உட்கார்ந்து, யார் எப்போது குடியைப் பற்றிப் பேசுவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிஜமான பஜனை. நான் தேடியவர்கள் பின்கட்டு அறையில் இருந்தார்கள்.

ஐந்து பேர். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். பஸ் டிரைவராக இருந்த ரெட்டி என்பவர்தான் பாயை நகர்த்தி இடம் கொடுத்தார். ஒவ்வொருவரும் தான் குடித்த கதையைச் சொன்னார். யாரும் புத்தி சொல்லவில்லை. என் முறை வந்ததும் மடியிலிருந்த கற்பூரப் பொட்டலத்தை எடுத்து நடுவில் வைத்தேன். சத்தியம் வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வாங்கிப் போயிருந்தேன்.

ரெட்டி அதை என் பக்கமே தள்ளினார். "ஒட்டு பெட்டொத்து, சத்தியம் வேணாம். இங்க யாரும் சத்தியம் பண்றதில்ல. நாங்க எல்லாம் பண்ணிப் பண்ணி மீறினவங்கதான்."

"அப்போ குடிய எப்படி உடறது?"

"இன்னிக்கு குடிச்சியா?"

"இல்ல."

"அவ்ளோதான். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து திரும்பச் சொல்லு."

எழுந்து வந்திருக்கலாம். வாய் அடங்கவில்லை. "என் பொண்ண நான்தான் கொன்னுட்டனா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் அவசரப்படவில்லை. "ஜொரம் தண்ணியால வந்துச்சு. சத்தியத்தால வரல. ஆனா அவ படுத்துக்கினு இருந்தப்போ நீ எங்க இருந்த?"

பட்டறையில், பாலிஷ் டின்னோடு இருந்தேன். அவள் கடைசியாக "நைனா எங்க?" என்று கேட்டதாகக் கமலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு வருஷமாகச் சத்தியத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை அங்கே சொன்னேன். அழுதேன். பக்கத்திலிருந்தவர் தண்ணீர் கொடுத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் வீடு வந்தேன். கமலா தட்டில் கற்பூரம் ஏற்றி வைத்திருந்தாள். சின்னவள் வள்ளியின் தோளைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினாள்.

"இவ தலையில அடிச்சி சொல்லு."

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கமலாவின் முகம் செத்துப்போனது. "அப்போ திரும்பவும் குடிக்கப் போறியா?"

"தெரியல கமலா. இன்னிக்கு குடிக்கல."

கற்பூரம் எரிந்து முடியும்வரை மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

அதற்குப் பிறகு என் நாள் காலையில் தொடங்கி விளக்கு வைப்பதோடு முடிந்துவிடுகிறது. வருஷக் கணக்கில் யோசிக்க முடிவதில்லை. கல்லீரல் வீக்கம் வற்றியது. கை ஆட்டம் குறைந்து, இழைப்புளி சொன்னபடி கேட்டது. ஞாயிறு தவறாமல் திருப்பதி போய்க்கொண்டிருந்தேன். கமலா சத்தியம் கேட்பதை நிறுத்தினாள். நம்பியதால் அல்ல, அலுத்துப்போய்.

ஒரு நாள் காலை வள்ளி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள். "அம்மாக்கு வேல இருக்குதாம். நீ வெச்சு உடு நைனா."

கமலா அடுப்படி வாசலில் நின்று என் கையையே பார்த்தாள். வள்ளியின் தலையில் வலது கையை வைத்தேன். சத்தியம் செய்ய அல்ல. எண்ணெயைத் தேய்த்தேன். உச்சந்தலை குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் என் உள்ளங்கையில் இன்னொரு தலை காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தது, நான் தொட்டே பார்க்காத காய்ச்சல்.